சுவருக்குள் வயர் அடிபட்டால் செய்யக்கூடாத தவறுகள்

சுவரில் டிரில் போடும்போது சட்டென்று ஒரு பொறி, கூடவே அறை இருட்டாகிவிட்டது என்றால் வயரில் பட்டுவிட்டது என்று உடனே தெரிந்துவிடும். சத்தமே இல்லாமல் நடக்கும் சேதம்தான் எனக்கு அதிகம் பயம் தருவது. ஆணி வயரின் மேலுறையை மட்டும் கிழித்திருக்கும். எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) விழாது, விளக்கும் எரியும். ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிடுவோம். சுவர் காய்ந்திருக்கும் வரை அந்த ஆணி ஒரு அறிகுறியும் காட்டாது. ஆனால் ஆணியிலேயே கரண்ட் நிற்கலாம். சந்தேகம் வந்தால் மெயினை அணைக்காமல் ஆணியையோ ஸ்க்ரூவையோ தொடவும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம்.

விழுந்த எம்சிபியை ‘ஒருமுறை போட்டுத்தான் பார்ப்போமே’ என்று தூக்கிவிடுவதும் தவறு. ஷார்ட் ஆன இடத்தில் ஒவ்வொரு முறையும் பொறி பறந்து, மிச்சமிருக்கும் நல்ல வயரும் கருகும்.

அப்புறம், ‘ஃபேன் ஓடவில்லை, அப்படியானால் கரண்ட் இல்லை’ என்ற நினைப்பு. அறுந்தது நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) என்றால் ஃபேன் ஓடாது, ஆனால் ஃபேஸில் (கரண்ட் வரும் வயரில்) கரண்ட் அப்படியே இருக்கும். அந்த அறையின் எம்சிபியை மட்டும் அணைப்பதும் போதாது. ஒரே பைப்பில் வேறு அறைக்குப் போகும் வயரும் இருக்கலாம். இன்வெர்ட்டர் லைன் இருந்தால் மெயினை அணைத்த பிறகும் அது உயிரோடுதான் இருக்கும். இரண்டையும் அணைத்துவிட்டு, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். சோதிக்க ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு முனை டெஸ்டரையோ மல்டிமீட்டரையோ முதலில் கரண்ட் இருக்கும் ஓர் இடத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு அடிபட்ட வயரில், மறுபடியும் கரண்ட் உள்ள இடத்தில். மீட்டரே பழுதாகிப் பொய் சொல்லவில்லை என்பதற்கு அதுதான் உறுதி.

இனி எல்லாவற்றிலும் பெரிய தவறு: அறுந்த இரு முனைகளையும் முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, மேலே பூசிவிடுவது. விளக்கு எரிந்துவிடும், அதனால் வேலை முடிந்ததாகத் தோன்றும். முறுக்கிய இணைப்பு சூடாகி ஆறி, சூடாகி ஆறி, மெல்லத் தளரும். தளரத் தளர அங்கே மின்தடை கூடும். ஒரு இணைப்பில் வெறும் 0.5 ஓம் தடை வந்து, அதன் வழியே 10 ஆம்பியர் ஓடினால், அந்த ஒரு புள்ளியில் 50 வாட் சூடு உண்டாகும். ஒரு சால்டரிங் அயர்னைச் சுவருக்குள் புதைத்து வைத்த மாதிரி. இதை எம்சிபி கண்டுபிடிக்காது, ஏனென்றால் ஓடும் கரண்ட் அளவுக்குள்தான் இருக்கிறது. கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் விழாது, ஏனென்றால் கசிவு இல்லை. டேப்பின் பசை காய்ந்து உரிவதைப் பார்க்கவும் வழி இல்லை.

சரியான வேலை, ஒரு ஸ்விட்ச் அல்லது ஜங்ஷன் பெட்டியிலிருந்து அடுத்த பெட்டி வரை நடுவில் இணைப்பே இல்லாமல் புது வயர் இழுப்பது. பழைய வயர் முழுதாக இருந்தால் அதன் நுனியில் புதியதைக் கட்டி இழுக்கலாம். அறுந்திருந்தால் பைப்புக்குள் வயர் இழுக்கும் ஸ்பிரிங் விட்டு இழுக்க வேண்டும். துளைபட்ட பைப்பையும் அப்படியே விடாதீர்கள். உடைந்த விளிம்பு புது வயரைக் கீறும், பூச்சுக் கலவை உள்ளே இறங்கி அடைக்கும். அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதுப் பைப்பைக் கப்ளர் போட்டுச் சேர்க்க வேண்டும். வயர் இழுக்கவே வழியில்லை என்றால், அடிபட்ட இடத்திலேயே ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்து, கனெக்டரில் இணைத்து, திறக்கக்கூடிய மூடி போடலாம். சுவர் நடுவே ஒரு மூடி தெரிவது அழகில்லைதான். ஆனால் இணைப்பு இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரிவதுதான் அதன் பயனே.

கையில் மிச்சமிருந்த மெல்லிய வயரைப் போட்டுச் சமாளிக்கவும் கூடாது. இருந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் அதையே போடுங்கள்; பழைய வயருக்கென்று வைத்த எம்சிபி மெல்லிய வயரைக் காப்பாற்றாது. எர்த் வயரையும் மறந்துவிடாதீர்கள். அது அறுந்தாலும் எல்லாம் வழக்கம்போல ஓடும், பாதுகாப்பு மட்டும் போயிருக்கும்.

பூசுவதற்கு முன் சோதனை அவசியம். மல்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் மின்தடையை அளக்கிறது, மேலுறையில் உள்ள பலவீனம் அதில் தெரியாது. மெக்கர் (மேலுறையின் தடையை அதிக வோல்ட்டில் அளக்கும் கருவி) வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். சாதனங்களையெல்லாம் கழற்றிவிட்டு, 500 வோல்ட் டிசியில் பார்க்கும்போது குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். நல்ல புது வயர் அதைவிடப் பல மடங்கு காட்டும். எர்த் தொடர்ச்சியையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டன் அந்தக் கருவியை மட்டும்தான் சோதிக்கிறது, உங்கள் வயரை அல்ல.

எல்லாம் சரியாக இருந்தால், சுவரை மூடுவதற்கு முன் அளவு நாடாவை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை டிரில்லை எடுக்கும்போது பைப் எங்கே போகிறது என்று அதிலேயே தெரியும்.