செட்டிநாட்டு வீட்டில் நிஜ கிறிஸ்துமஸ் மரம்: வாங்குவது முதல் வளர்ப்பது வரை

வெளிநாட்டுப் படங்களில் பார்க்கிற ஃபிர் மரம் காரைக்குடி, தேவகோட்டை வெயிலுக்குத் தாங்காது. நம் பக்கத்தில் இரண்டு வழிதான். சவுக்கை வெட்டி வந்து வாளியில் நிறுத்தலாம். அல்லது நர்சரியில் 'கிறிஸ்துமஸ் ட்ரீ' என்று கேட்டால் எடுத்துத் தருகிற அரகேரியா தொட்டிச் செடியை வாங்கலாம். அதற்குப் பூர்வீகம் பசிபிக் தீவுகள் என்பதால் பனி விழ வேண்டிய அவசியமில்லை. என் ஓட்டு அதற்குத்தான்.

1. வாங்கும்போது

முதலில் நடுத்தண்டின் நுனியைப் பாருங்கள். அது ஒடிந்திருந்தால் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்; கூம்பு வடிவம் திரும்ப வராது. அடுத்து அடிக்கிளைகள். அங்கே காய்ந்து உதிர்ந்த கிளை மறுபடி முளைக்காது, அடி மொட்டையாகவே நிற்கும். பிறகு, "இது எப்ப வந்த லோடுண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். மலைப்பக்கமிருந்து நேற்று வந்து இறங்கிய செடியைவிட, சில வாரமாவது நம் ஊர்க் காற்றில் பழகிய செடி மேல். இடுப்பு உயரம் போதும்.

2. இடம்

முற்றம் உள்ள வீடென்றால் கவலையே இல்லை. முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், வெளிச்சம் நன்றாக விழும் ஓரமாக வையுங்கள். ஓட்டு விளிம்பிலிருந்து மழைநீர் நேராகத் தொட்டிக்குள் கொட்டக் கூடாது. வெளிச்சம் வரும் பக்கமாகச் செடி சாயும். அதனால் வாரம் ஒருமுறை தொட்டியைக் கொஞ்சம் திருப்பிவிடுங்கள். அடியில் தட்டு அவசியம், இல்லாவிட்டால் ஆத்தங்குடிக் கல்லில் கறை பிடிக்கும். அப்புறம் வீட்டில் ஆச்சியிடம் யார் பதில் சொல்வது?

3. தண்ணீர்

இந்தச் செடி பெரும்பாலும் சாவது தாகத்தால் அல்ல, வேர் அழுகித்தான். விரலை மண்ணில் ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள்; காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மார்கழி ஈரத்தில் தினமும் ஊற்றத் தேவைப்படாது. தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால், அண்டாவில் பிடித்த மழைநீர் நல்லது.

4. அலங்காரம்

கிளைகள் மென்மையானவை. கனமான மணி, பொம்மை வேண்டாம். காகித நட்சத்திரமும் சூடாகாத எல்.இ.டி. சீரியல் விளக்கும் போதும். பனி மாதிரித் தெரிய ஸ்ப்ரே அடிக்காதீர்கள், இலை மூச்சுமுட்டும். பஞ்சு போதும், பண்டிகை முடிந்ததும் எடுத்துவிடலாம்.

சவுக்குதான் வேண்டும் என்றால்: அடியில் ஒரு அங்குலம் புதிதாக அறுத்து, உடனே தண்ணீர் வாளியில் வைத்து, கல் போட்டு இறுக்குங்கள். தினமும் தண்ணீரைப் பார்த்து நிரப்புங்கள். காய்ந்த சவுக்கு சட்டென்று பற்றிக்கொள்ளும், பக்கத்தில் மெழுகுவர்த்தி கூடாது.

5. பண்டிகைக்குப் பிறகு

பொங்கல் கழிந்ததும் ஒரு சுற்றுப் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் சம அளவு. மாவுப்பூச்சி தெரிந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடிக்கு ஏற்றவே கூடாது. காலை வெயில் மட்டும் படும் நிழலில் இருக்கட்டும்.