நிர்வாணக் கடற்கரைக்குப் புதிதாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜூன் மாதம் வந்தால் போதும், "அக்கா, நாங்களும் ஒருதடவை போய்ப் பார்க்கலாம்னு இருக்கோம், எந்த பீச் நல்லது?" என்று யாராவது தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். லண்டனிலும் பர்மிங்காமிலும் இருக்கும் நம் ஆட்கள்தான், பெரும்பாலும் கணவன் மனைவியாக. நானும் என் வீட்டுக்காரரும் பல வருடங்களாக இங்கிலாந்து, வேல்ஸ் கரையோரங்களில் இப்படிப் போய்வருகிறோம். நாங்கள் ஆரம்பத்தில் எதெல்லாம் தெரியாமல் செய்தோமோ அதையே இவர்களும் வரிசை தவறாமல் செய்வதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். முறைத்துப் பார்க்காதீர்கள், குப்பை போடாதீர்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது உங்களுக்கே தெரியும்.

பழைய பட்டியலை நம்பிக் கிளம்புவது

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் பாதி எப்போதோ எழுதியவை. சஃபோக் கரையில் கார்ட்டன் என்று ஓர் ஊர். அங்கே ஒரு காலத்தில் அங்கீகாரம் பெற்ற நிர்வாணக் கடற்கரை இருந்தது. கடல் அரித்து அரித்துக் கரை சுருங்க, அங்கீகாரத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் பழைய பட்டியல்களில் கார்ட்டன் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு இடத்தில் சரிபாருங்கள். ஒன்று, ஆடையின்றி இருக்க விரும்புவோருக்காக 1964இல் தொடங்கிய பிரிட்டிஷ் நேச்சுரிசம் அமைப்பின் பட்டியல். இன்னொன்று, அந்தக் கரை யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர்களுடைய தளம்: ஊராட்சி மன்றம், நேஷனல் டிரஸ்ட், தனியார் எஸ்டேட், எதுவாக இருந்தாலும் சரி. இரண்டும் ஒத்துப்போனால் கிளம்பலாம்.

இன்னொரு வேறுபாடும் தெரிந்திருக்க வேண்டும். டோர்செட்டில் ஸ்டட்லண்ட், வேல்ஸில் மோர்ஃபா டிஃப்ரின், கென்ட்டில் லேஸ்டவுன் பக்கம் ஷெல்னெஸ், பிரைட்டன் ஆகியவை முறையாக ஒதுக்கப்பட்டு, பலகையோ கம்பமோ நட்ட இடங்கள். கார்ன்வாலில் பெட்ன் வவுண்டர் மாதிரி இடங்கள் வழக்கத்தால் மட்டுமே அப்படி ஆனவை. அங்கே பலகை கிடையாது, பக்கத்தில் நீச்சலுடையோடு குடும்பங்களும் இருப்பார்கள். புதியவர்கள் முதல் வகைக்குத்தான் போக வேண்டும்.

பிரைட்டன் 1980 ஏப்ரல் 1 அன்று திறந்தது. ரயிலில் போய் இறங்கிவிடலாம் என்பதால் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். நான் அனுப்புவதில்லை. கூழாங்கல் கரை, இடம் சின்னது, ஊர் நடமாட்டம் மிகப் பக்கத்தில். வெட்கம் தெளியாதவர்களுக்கு அங்கே உடம்பு இறுகியே இருக்கும். ஸ்டட்லண்டுக்குப் போங்கள். நோல் பீச்சில் காரை நிறுத்திவிட்டு வடக்கே நடந்தால் நல்ல மணல், அகலமான கரை, எல்லை எங்கே என்று தெளிவாகச் சொல்லும் பலகை. கால் வலி பரவாயில்லை என்றால் மோர்ஃபா டிஃப்ரின் இன்னும் அழகு. கார் நிறுத்துமிடத்திலிருந்து மணலில் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருப்பதால் வேடிக்கை பார்க்க வருபவர் குறைவு.

சட்டம் தடுக்கவில்லை, எங்கே வேண்டுமானாலும் கழற்றலாம் என்று நினைப்பது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொது இடத்தில் ஆடையின்றி இருப்பது அதனாலேயே குற்றமாகிவிடாது என்பது உண்மை. 2003ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டத்தின் 66ஆம் பிரிவுப்படி, பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கவோ மனம் நோகவைக்கவோ வேண்டும் என்ற நோக்கம் இருந்தால்தான் அது குற்றம். ஆனால் பிறரைத் தொந்தரவு செய்யும் நடத்தைக்கு 1986ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டம் தனியாக இருக்கிறது. ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு. அதனால் பலகையைத் தாண்டிய பிறகு கழற்றுங்கள். டீ வாங்கவோ கழிப்பறைக்கோ திரும்பிப் போகும்போது, பலகைக்கு இந்தப் பக்கம் வருமுன் ஒரு வேட்டியையோ கைலியையோ சுற்றிக்கொள்ளுங்கள். நாலு எட்டுதானே என்று அப்படியே நடக்கிறவர்களைப் பார்க்கிறேன். அந்த நாலு எட்டில்தான் குழந்தையோடு வரும் ஒருவர் முகம் சுளிப்பார். அடுத்த நாள் அவருடைய புகார்க் கடிதம் போகும்.

மணல்மேட்டுக்குள் போய் ஒளிந்துகொள்வது

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வெட்கப்படுகிறவர்கள் எல்லோரும் செய்வது இது. கரையில் நாலு பேர் பார்ப்பார்கள், மேலே புல் முளைத்த மணல்மேடுகளுக்கு நடுவில் ஒரு பள்ளம் கிடைத்தால் நிம்மதியாகப் படுத்திருக்கலாம் என்று கணக்குப் போடுவார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நிர்வாணக் கடற்கரையில் புதியவர் போய் உட்காரவே கூடாத இடம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

ஒரு கோடையில் ஸ்டட்லண்டில் ஓர் இளம் தம்பதி எங்களைக் கடந்து போனார்கள். தமிழில் மெதுவாகப் பேசிக்கொண்டு போனதால் கவனித்தேன். பையைத் தூக்கிக்கொண்டு நேரே மேட்டின் மேல் ஏறினார்கள். கூப்பிட்டுச் சொல்லலாமா என்று யோசித்தேன். நம் ஊர்க்காரி ஒருத்தி இங்கே கூப்பிட்டால் அந்தப் பெண் மிரண்டுவிடுவாளே என்று சும்மா இருந்துவிட்டேன். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவள் சட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தாள். பின்னால் அவன் துண்டைச் சுருட்டிக்கொண்டு வந்தான். இரண்டு ஆண்கள் மாறி மாறி மேட்டின் விளிம்பில் வந்து நின்றிருக்கிறார்கள். போவார்கள், சுற்றி வந்து வேறு பக்கத்திலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். "ஒதுக்குப்புறமாத்தானே அக்கா உட்கார்ந்தோம்" என்றாள். குரல் நடுங்கியது. தண்ணீர் கொடுத்து எங்கள் பக்கத்திலேயே உட்கார வைத்தோம். அவள் அதற்குப் பிறகு சட்டையைக் கழற்றவே இல்லை. அவர்கள் இனி எந்தக் கடற்கரைக்கும் இப்படி வரமாட்டார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

ஏன் அப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். பள்ளத்தில் படுத்திருப்பவருக்கு வானம்தான் தெரியும். யார் வருகிறார்கள் என்பது வந்து நின்ற பிறகே தெரியும். மேட்டில் நிற்பவருக்கோ எல்லாம் தெரியும். தவறான எண்ணத்தோடு வரும் சிலர் கரையில் உட்காரவே மாட்டார்கள், மேடுகளுக்குள்தான் அலைவார்கள். பள்ளத்தில் தனியாகப் படுத்திருப்பவரைப் பார்த்தால், நீங்களும் அதற்காகத்தான் வந்திருக்கிறீர்கள் என்று அவர்களாகவே முடிவு செய்துவிடுவார்கள். திறந்த கரையில் இந்த வேலை நடக்காது. நூறு மீட்டர் தூரத்திலேயே ஆள் வருவது தெரியும், சுற்றிலும் குடும்பங்கள், ஓய்வு பெற்ற தம்பதிகள். அவர்களுக்கு நடுவில் உங்களை யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்ப்பதில்லை. முதல் பத்து நிமிடம் கூச்சமாக இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் சரியாகிவிடும்.

இதனால் ஏற்படும் நஷ்டம் உங்களோடு முடிவதில்லை. நார்ஃபோக்கில் ஹோல்கம் கடற்கரை பெரிய அழகான இடம். நீண்ட காலமாக அதன் ஒரு பகுதியில் ஆடையின்றி இருக்க அனுமதி உண்டு. மணல்மேடுகளில் நடந்த அசிங்கங்களைப் பற்றிப் புகார் குவிந்ததும், 2013இல் அந்தக் கரையை நிர்வகிக்கும் ஹோல்கம் எஸ்டேட் நிர்வாணத்துக்கே தடை போட்டது. கரையில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தவர்களும் சேர்ந்து வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு தடையை விலக்கினார்கள் என்பது நல்ல விஷயம். ஆனால் ஒவ்வோர் இடத்திலும் அப்படி விலக்குவார்கள் என்று சொல்ல முடியாது. ஸ்டட்லண்டிலும் இதே காரணத்துக்காகத்தான் போலீஸ் ரோந்து வருகிறது. மேட்டுக்குள் இருக்கும் நிர்வாண மனிதரை நாயோடு நடக்க வருகிறவர் பார்த்தால், இவர் வெட்கப்பட்டு ஒளிந்தவரா வேறு வேலையாக வந்தவரா என்று பிரித்துப் பார்க்க மாட்டார். புகார் எழுதும்போது எல்லோரும் ஒன்றுதான்.

இன்னும் இருக்கிறது. அந்த மேடுகளைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் புல்லின் வேர்தான், மிதித்தால் சரியும். ஹோல்கமில் தரையில் முட்டையிடும் பறவைகள் இருக்கின்றன. ஸ்டட்லண்டின் மேடும் புதர்க்காடும் பாதுகாக்கப்பட்ட இயற்கைக் காப்பிடம். பிரிட்டனின் 6 வகை ஊர்வனவும் அங்கே உண்டு, அதில் விஷமுள்ள விரியனும் ஒன்று. அது ஆளைக் கண்டால் ஒதுங்கிவிடும். உண்ணி ஒதுங்காது. புதரோரம் வெற்றுடம்போடு உட்கார்ந்து எழுந்தால், முழங்காலின் பின்பக்கத்திலும் தொடை மடிப்பிலும் எள்ளைவிடச் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி ஒட்டியிருக்கும். தடவினால் போகாது. லைம் நோயைப் பரப்புவது இதுதான். மெல்லிய முனையுள்ள இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும், நசுக்கக் கூடாது. பிறகு சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் போங்கள்.

ஆக, எங்கே உட்காருவது? பலகையைத் தாண்டியதும் நின்று கரையைப் பாருங்கள். வயதான தம்பதியோ குடும்பமோ இருக்கும் இடத்துக்கு அருகில், அவர்களை ஒட்டாமல் ஏழெட்டு எட்டுத் தள்ளி, தண்ணீருக்கும் மேட்டுக்கும் நடுவில் துண்டை விரியுங்கள். மறைப்பு வேண்டும் என்றால் காற்றுக்காகக் குச்சி நட்டுக் கட்டும் துணி கடற்கரைக் கடைகளில் கிடைக்கிறது, அதைக் காற்றடிக்கும் பக்கம் நட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர்கள் பாதிப் பேர் அதோடுதான் வருகிறார்கள், யாரும் வித்தியாசமாக நினைக்க மாட்டார்கள்.

கடல் ஏறும் நேரம் பார்க்காமல் இறங்குவது

ஒதுக்குப்புறமான நிர்வாணக் கடற்கரைகள் பல பாறைக்குக் கீழே இருக்கின்றன. பெட்ன் வவுண்டரில் கடைசிப் பகுதி கையையும் காலையும் பிடித்து இறங்க வேண்டிய பாறை. கடல் ஏறினால் மணல் பெரும்பாலும் மூழ்கிவிடும். வற்றத்தில் வெளியே தெரியும் மணல்திட்டு படத்தில் பார்க்க அற்புதமாக இருக்கும். அங்கேதான் ஆபத்து: தண்ணீர் திரும்பும்போது திட்டுக்கும் கரைக்கும் நடுவிலிருக்கும் பள்ளம் முதலில் நிரம்பும். நிற்பவர் காலடியில் ஈரம்கூட இருக்காது, முதுகுக்குப் பின்னால் வழி போயிருக்கும்.

வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இறங்கி, வற்றம் கழிந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறத் தொடங்குங்கள். அச்சிட்ட அட்டவணைகள் பல கிரீன்விச் நேரத்தில் இருக்கும், கோடையில் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். இன்றைக்குப் பார்த்த நேரம் நாளைக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். வீட்டில் தினசரிக் காலண்டர் மாட்டியிருப்பவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்வது பெரிய வேலை இல்லை. மாட்டிக்கொண்டால் பாறையில் ஏறி வித்தை காட்டாமல் 999 அழைத்து கோஸ்ட்கார்ட் (கடல் மீட்புப் படை) என்று சொல்லுங்கள்.

போன்

பையில் இருக்கட்டும்.

துண்டு

எங்கே உட்கார்ந்தாலும் உங்கள் துண்டின் மேல்தான்.

கோவாவில் போகலாமே என்று நினைப்பது

இந்தியாவில் எந்தக் கடற்கரையிலும் அனுமதி இல்லை, கோவா உட்பட.

நமக்கு வெயில் பழக்கம் என்று சொல்வது

முகத்துக்கும் கைக்கும் பழக்கம், மற்ற இடத்துக்கு இல்லை. பிறந்ததிலிருந்து வெயிலே படாத தோல் ஜூன் மதியத்தில் கறுத்து எரிந்து, இரவு புரண்டு படுக்க விடாது. கறுப்புத் தோலும் எரியும். கிளம்புமுன் வீட்டிலேயே சன்ஸ்கிரீன் தடவிவிட்டு வாருங்கள், நிதானமாக எல்லா இடத்திலும் படும். குளிரையும் மறக்காதீர்கள். மே மாதம் மேலே வெயில் சுள்ளென்று அடித்தாலும் டோர்செட் கடல் ஏறத்தாழ 12 டிகிரிதான். ஆகஸ்ட், செப்டம்பரில்தான் 17, 18 வரை வரும்.

நண்பர்கள் நாலைந்து பேராகக் கிளம்புவது

தம்பிகளுக்குச் சொல்கிறேன். தனியாக வரும் ஆணை யாரும் விரட்டுவதில்லை. ஆனால் கூட்டமாக வந்து, சட்டை பேன்ட்டோடு உட்கார்ந்து, சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் சுற்றியிருக்கும் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். நான் போயிருக்கிறேன். வர ஆசை என்றால் ஒருவராகவோ இருவராகவோ வாருங்கள், மற்றவர்களைப் போல இருங்கள், குடும்பங்களிலிருந்து நன்றாகத் தள்ளி உட்காருங்கள்.

தெரிந்தவரைப் பார்த்ததும் பதறுவது

"யாராவது பார்த்துட்டா?" என்பதுதான் எல்லோருக்கும் உள்ள பெரிய பயம். பார்த்தால் அவரும் அங்கே அப்படித்தான் நிற்கிறார். தலையசைத்துவிட்டுப் போங்கள். பேச விருப்பம் இருந்தால் அவர் வருவார். அதற்குப் பிறகு கோவிலிலோ கல்யாண மண்டபத்திலோ சந்திக்கும்போது, அவரைக் கடற்கரையில் பார்த்ததை அவருடைய வீட்டுக்காரர்களிடம்கூட, விளையாட்டாகக்கூட, சொல்லக் கூடாது.