தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு: முதன்முறையாகச் செய்வோருக்கான விளக்கம்

உங்கள் தெருவில் போடப்பட்ட சிமெண்ட் சாலை ஆறே மாதத்தில் பெயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேலைக்கான மதிப்பீட்டின் நகலையும், வேலை முடிந்தபின் பொறியாளர் அளந்து எழுதிய அளவுப் புத்தகத்தின் நகலையும் கேட்டு, ₹10 நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்பினீர்கள். பதில் வரவில்லை. முதல் மேல்முறையீடும் செய்தீர்கள். அதற்கும் பதில் இல்லை. பலர் இந்த இடத்தில் சலித்துப்போய்க் காகிதங்களைக் கட்டி வைத்துவிடுகிறார்கள். ஆனால், அரசின் எந்தத் துறைக்கும் கீழ்ப்படாத ஓர் ஆணையர் உங்கள் மனுவைக் கையில் எடுக்கும் கட்டம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005 ஏற்படுத்திய மாநிலத் தகவல் ஆணையத்தை அணுகும் முறையைத் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து இங்கே விளக்குகிறேன்.

முதலில்: இது சரியான கதவுதானா?

தகவல் ஆணையர் ஆவணத்தை வாங்கித் தர வல்லவர். சாலையைத் திரும்பப் போடச் சொல்ல வல்லவர் அல்லர். ஒப்பந்தக்காரர் மீது நடவடிக்கை எடுங்கள் என்று அவரிடம் கேட்டால் மனு தள்ளுபடியாகும். உள்ளாட்சி அமைப்பில் முறைகேடு நடந்திருக்கிறது என்றால், அதற்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சி முறைமன்ற நடுவர் இருக்கிறார். மின்வாரியத்தோடு பிணக்கு என்றால், முதலில் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதில் தீராவிட்டால் மின்குறை தீர்ப்பாளர். வங்கி பற்றிய குறையை முதலில் வங்கியிடமே எழுத்தில் கொடுத்துவிட்டுத்தான் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக முடியும். இவர்களில் எவரிடம் போவதாக இருந்தாலும் கையில் ஆவணம் இருப்பது பெரும்பலம் என்பதால்தான், தகவல் ஆணையத்தின் வழியை முதலில் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லி வருகிறேன்.

படி 1: நாள்களை எண்ணுங்கள்

மனு அலுவலகத்துக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம். அந்தக் கெடு முடிந்த நாளிலிருந்தோ, பதில் கிடைத்த நாளிலிருந்தோ 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அவர் 30 நாளுக்குள்ளும், காரணத்தை எழுதிப் பதிவு செய்தால் 45 நாளுக்குள்ளும் முடிவு சொல்ல வேண்டும். அதன்பின் 90 நாளுக்குள் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு.

ஜனவரி 2 அன்று உங்கள் மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்றால், பிப்ரவரி 1-இல் முதல் கெடு முடிகிறது. பிப்ரவரி 10 அன்று உங்கள் முதல் மேல்முறையீடு கிடைத்தது என்றால், மார்ச் 12-இல் 30 நாள் முடிகிறது. 45 நாள்வரை, அதாவது மார்ச் 27 வரை, பொறுத்திருந்துவிட்டு அனுப்புவது நல்லது. ஆனால் 90 நாளை மார்ச் 12-இலிருந்தே எண்ணி, ஜூன் 10-க்குள் ஆணையத்துக்குப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும், அதை நம்பி நாள் கடத்தாதீர்கள்.

படி 2: உறையைக் கிழித்து எறியாதீர்கள்

அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவருக்காக நான் எழுதிக்கொடுத்த பட்டா தொடர்பான மனுவுக்கு ஒருவழியாகப் பதில் வந்தபோது, கடிதத்தின் தலைப்பில் 28-ஆம் நாளுக்கான தேதி இருந்தது. கெடுவுக்குள் பதில் தந்துவிட்டார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் அந்தப் பழுப்பு உறையின் மூலையில் அழுத்தமில்லாமல் விழுந்திருந்த அஞ்சல் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், தபாலில் சேர்த்தது 51-ஆம் நாள் என்று தெரிந்தது. கெடு தாண்டி வந்த தகவலுக்கு நகல் கட்டணம் வாங்கக் கூடாது என்று சட்டத்தின் 7(6) பிரிவு சொல்கிறது. நகலுக்காகக் கேட்கப்பட்ட தொகையை அந்தப் பெரியவர் கட்ட வேண்டியிருக்கவில்லை. அவர் உறையைப் பத்திரப்படுத்தியிராவிட்டால் அதை எங்களால் நிறுவியிருக்கவே முடியாது.

ஆகவே மனுவின் நகல், அனுப்பிய ரசீது, ஒப்புகை, வந்த பதில், அது வந்த உறை ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, பக்க எண் போட்டு, எல்லாவற்றுக்கும் இரண்டு படி நகல் எடுத்து வையுங்கள்.

படி 3: புகார் வேறு, மேல்முறையீடு வேறு

புதியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். சட்டத்தின் 18-ஆம் பிரிவில் புகார் செய்யலாம். 19(3) பிரிவில் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். மணிப்பூர் மாநிலம் தொடர்பான வழக்கில் 2011 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, 18-ஆம் பிரிவுப் புகாரில் அலுவலர் மீது தண்டம் விதிக்கலாமே தவிர, தகவலைக் கொடுக்கும்படி ஆணையம் உத்தரவிட முடியாது. உங்களுக்கு வேண்டியது அளவுப் புத்தகத்தின் நகல் என்றால், மனுவின் தலைப்பிலேயே “பிரிவு 19(3)-இன் கீழ் இரண்டாம் மேல்முறையீடு” என்று எழுதுங்கள். கோபத்தில் “புகார் மனு” என்று தலைப்பிட்டு அனுப்பிவிட்டுத் தகவலுக்காகக் காத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய கோபம் நியாயமானது, தலைப்புதான் தவறு.

படி 4: மனுவை எழுதுதல்

ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு பக்கம் போதும். உங்கள் பெயர், முகவரி, பொதுத் தகவல் அலுவலர், மேல்முறையீட்டு அலுவலர் ஆகியோரின் பதவியும் அலுவலகமும், நடந்தவை தேதிவாரியாக, கேட்டதில் எந்த இனம் கிடைத்தது, எது கிடைக்கவில்லை, ஆணையத்திடம் நீங்கள் கோருவது என்ன. தமிழ்நாட்டில் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை.

தகவல் மறுக்கப்பட்டிருந்தால், மறுப்பு நியாயமானது என்று நிறுவும் பொறுப்பு 19(5) பிரிவின்படி அலுவலருடையது என்பதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். தகவலைத் தருவது, தாமதத்துக்காக 20-ஆம் பிரிவின்படி நாளொன்றுக்கு ₹250 வீதம் அதிகபட்சம் ₹25,000 வரை தண்டம் விதிப்பது, இழப்பு ஏற்பட்டிருந்தால் 19(8)(ஆ) பிரிவின்படி இழப்பீடு வழங்கச் செய்வது ஆகிய மூன்றையும் தனித்தனிக் கோரிக்கைகளாக எழுதுங்கள். தண்டம் அந்தக் காலத்தில் பொறுப்பிலிருந்த அலுவலரைச் சேர்ந்தது. அவர் இதற்குள் மாறுதலில் போயிருக்கக்கூடும் என்பதால், உரிய காலத்தில் பொதுத் தகவல் அலுவலராக இருந்தவர் யார் என்று தெரிவிக்கும்படியும் கேளுங்கள்.

படி 5: விசாரணை

ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய சில அதிகாரங்கள் உண்டு: ஆளை அழைக்கலாம், ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லலாம், பிரமாண வாக்குமூலம் கேட்கலாம். சட்டம் பொருந்தும் எந்த ஆவணத்தையும் அவர் பார்வையிலிருந்து மறைக்க முடியாது. வழக்கறிஞர் தேவையில்லை. உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சில நிமிடங்கள்தான் என்பதால், சாலையின் கதையைச் சொல்லத் தொடங்காமல், “இரண்டாம் இனமான அளவுப் புத்தக நகல் இன்றுவரை வரவில்லை” என்று நேராகச் சொல்லுங்கள். “கோப்பு கிடைக்கவில்லை” என்று அலுவலர் கூறினால், எப்போது, யாரிடமிருந்து காணாமல் போனது என்பதைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்யச் சொல்லும்படி ஆணையரைப் பணிவோடு கேளுங்கள்.

ஆணையரை யார் கேட்பது?

முதலமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர், முதலமைச்சர் குறிப்பிடும் ஓர் அமைச்சர் ஆகிய மூவர் குழு பரிந்துரைக்க, ஆளுநர் ஆணையர்களை நியமிக்கிறார். தலைமைத் தகவல் ஆணையரோடு, அதிகபட்சம் பத்து ஆணையர்கள் இருக்கலாம். தவறான நடத்தைக்காகவோ இயலாமைக்காகவோ ஒருவரை நீக்க வேண்டுமானால், ஆளுநர் அனுப்பும் குறிப்பின்பேரில் உச்ச நீதிமன்றம் விசாரித்துச் சொல்ல வேண்டும். இந்தப் பாதுகாப்பு அவருக்காக மட்டும் அல்ல. ஆளும் தரப்புக்கு உவப்பில்லாத ஆவணத்தை வெளியிடச் சொல்லும் துணிவு அவருக்கு இருக்க வேண்டும் என்பதற்காக உங்களுக்காகவும் வைக்கப்பட்டது. ஐந்தாண்டு என்று சட்டத்திலேயே எழுதியிருந்த பதவிக்காலத்தை, ஒன்றிய அரசு விதியின் மூலம் தீர்மானிக்கலாம் என்று 2019-இல் திருத்தி, பின்னர் மூன்றாண்டாகக் குறைத்ததை அதனால்தான் சாதாரண நிர்வாக மாற்றமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சட்டத்தில் இன்னொரு குறையும் உண்டு. எல்லா அலுவலருக்கும் நாள் குறித்த சட்டம், இரண்டாம் மேல்முறையீட்டை முடிக்க ஆணையத்துக்குக் கெடு எதையும் விதிக்கவில்லை. ஆணையர் பதவிகள் காலியாகக் கிடந்தால் மனுக்கள் தேங்கிவிடும் என்பதால், காலியிடங்களை உரிய காலத்தில் நிரப்பும்படி 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அரசுகளுக்கு அறிவுறுத்தியது.

படி 6: காத்திருக்கும்போதும் அதன்பிறகும்

ஆணையமும் தகவல் பெறும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு பொது அதிகார அமைப்புதான். அதற்கும் ஒரு பொதுத் தகவல் அலுவலர் இருக்கிறார். மாதக்கணக்கில் அழைப்பு வராவிட்டால், உங்கள் மேல்முறையீடு எந்த நாளில் பதிவானது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று அவரிடமே ₹10 மனுவில் கேட்கலாம். உத்தரவு வந்த பிறகும் குறித்த காலத்துக்குள் அலுவலகம் தகவல் தராவிட்டால், வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு ஆணையத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஆணையத்தின் முடிவே சட்டத்துக்கு முரணானது என்று கருதினால், அரசமைப்பின் 226-ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யலாம். அந்த மனுவோடும் படி 2-இல் நீங்கள் பக்க எண் போட்டு அடுக்கிய அதே கட்டைத்தான் இணைக்க வேண்டியிருக்கும்.