ஆபீஸ் பக்கமே வராத லேப்டாப்கள்: நாம் செய்யும் தவறுகள்

ஒருமுறை ஆக்டிவ் டைரக்டரியை, அதாவது ஆபீஸ் கணினிகளுக்கும் ஊழியர்களுக்குமான கணக்குகள் இருக்கும் பதிவேட்டை, சுத்தம் செய்யக் கிளம்பினேன். 60 நாளாகத் தலைகாட்டாத கணினிக் கணக்குகளையெல்லாம் பிடித்து அழித்துவிட்டேன். பட்டியல் பளிச்சென்று ஆனது. இரண்டு வாரம் கழித்து, ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரிவுக்காரர் ஒருவரிடமிருந்து போன்: "சார், பயாஸ் அப்டேட் ஆச்சு. இப்போ நீலத் திரையில 48 இலக்க நம்பர் கேக்குது."

வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்பு எண் அது. எங்கள் அமைப்பில் அது கணினிக் கணக்குக்கு அடியில்தான் சேமிக்கப்பட்டிருந்தது. கணக்கை அழித்தபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது. அழித்ததை மீட்டுத் தரும் டைரக்டரியின் ரீசைக்கிள் பின்னை முன்பே இயக்கி வைத்திருந்ததால் தப்பித்தேன்.

இந்த அழிப்புக்குப் பின்னால் ஒரு தப்பெண்ணமும் உண்டு. டொமைனில் (ஆபீஸ் கணினிகளை ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்பில்) சேர்ந்த விண்டோஸ் கணினி, தன் கணக்கின் கடவுச்சொல்லை 30 நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும். அந்த நாள் தாண்டினால் டொமைனோடு உறவு அறுந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மாற்றுவது கணினியின் வேலை. டொமைன் சர்வரை எட்ட முடியாவிட்டால் பழையதை வைத்துக்கொண்டே காத்திருக்கும். ஆறு மாதம் கழித்து வந்தாலும் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் உறவை அறுப்பது நாம்தான்: கணக்கை அழிக்கிறோம், இல்லையென்றால் பழைய இமேஜை (முன்பு எடுத்து வைத்த முழு வட்டு நகலை) போட்டு மீட்கிறோம். போதாக்குறைக்கு, டைரக்டரி காட்டும் கடைசி லாகின் தேதியே 14 நாள் வரை பின்தங்கியிருக்கலாம். அதனால் முதலில் கணக்கை முடக்குங்கள், மீட்பு எண்ணை வேறிடத்தில் எடுத்து வையுங்கள், வைத்திருப்பவருக்கு ஒரு போன் போடுங்கள். அழிப்பது அப்புறம்.

அடுத்த தவறு, எல்லாக் கணினியும் அப்டேட் ஆகிவிட்டது என்று பச்சை நிறத்தில் காட்டும் அறிக்கையை நம்புவது. கணினி கடைசியாகச் சொன்னதைத்தான் அறிக்கை காட்டும். அது மார்ச்சில் சொன்னதாகவும் இருக்கலாம். கடைசித் தொடர்புத் தேதியை அறிக்கையின் முதல் நெடுவரிசையாக வைத்துப் பாருங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் 2017 மே மாதம் பரவியது. அதைத் தடுக்கும் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) மார்ச்சிலேயே வந்துவிட்டது. ஆபீஸ் சர்வரிலிருந்து மட்டும் அப்டேட் வாங்கி, வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் அங்கே எட்டிப்பார்க்கும் லேப்டாப்புக்கு அந்த இரண்டு மாத அவகாசத்தால் என்ன பயன்?

"வெளியிலிருந்தே ஆபீஸ் நெட்வொர்க்கில் இணைய வி.பி.என். இருக்கிறதே" என்பார்கள். மெயில் பார்க்க அது தேவைப்படாத இடத்தில் யார் அதை இயக்குகிறார்கள்? இயக்கினாலும் பெரும்பாலும் லாகினுக்குப் பிறகுதான். கணினி தொடங்கும்போது ஓட வேண்டிய ஸ்கிரிப்ட்கள் அதற்குள் தவறிப்போயிருக்கும். இணைப்பின் வேகம் 500 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே என்று விண்டோஸ் கணித்தால், குரூப் பாலிசி (டொமைனிலிருந்து கணினிகளுக்கு அனுப்பும் விதிகள்) வழியாக மென்பொருள் நிறுவுவதையும் விட்டுவிடும். மைக்ரோசாப்ட்டின் கணினி நிர்வாகச் சேவையான இன்ட்யூன் போல, இணையம் கிடைத்தாலே கணினி தானாக வந்து பேசும் ஏற்பாடுதான் என் தேர்வு. அவசரத்துக்கு வீட்டு ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டைத் திறந்துவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

லேப்டாப்பை ஐ.பி. முகவரியை வைத்துத் தேடுவதும் வீண். அது ஊருக்கு ஊர் மாறும். சீரியல் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல் பஞ்சாயத்து தனிக்கதை. ஊழியர் அதை வெப் பக்கத்தில் மாற்றியிருப்பார். லேப்டாப்புக்கோ பழையதுதான் தெரியும். புதியதையே திரும்பத் திரும்ப அடித்துவிட்டு, "மெஷின் கெட்டுப்போச்சு" என்பார். பழையதைப் போட்டு உள்ளே போய், வி.பி.என்.னை இணைத்து, விண்டோஸ் விசையோடு எல் அழுத்தித் திரையைப் பூட்டச் சொல்லுங்கள். இப்போது புதிய கடவுச்சொல்லால் திறந்தால் லேப்டாப்பும் அதைப் பிடித்துக்கொள்ளும்.