செவிப்பறை சுத்தமாக இருந்தும் காது மந்தமா? ஓட்டோஸ்கிளிரோசிஸைக் கண்டறியும் முறை

சீழ் இல்லை, வலி இல்லை, அழுக்கு அடைப்பும் இல்லை. செவிப்பறையும் பளிச்சென்று இருக்கிறது. இருந்தும் 20 முதல் 40 வயதுக்குள் கேட்கும் திறன் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தால், ஓட்டோஸ்கிளிரோசிஸை ஐயுற வேண்டும். இந்நோயில், நடுக்காதிலுள்ள, உடலின் மிகச் சிறிய எலும்பான அங்கவடியின் அடித்தட்டு ஓரத்தில் புதிய எலும்பு வளர்ந்து அதை அசையவிடாமல் இறுக்கிவிடுவதால், செவிப்பறை வாங்கிய அதிர்வு உட்காதுக்குச் சரிவரப் போய்ச் சேர்வதில்லை.

முதலில் விசாரிக்க வேண்டும். குடும்பத்தில் வேறு எவருக்காவது இளவயதிலேயே காது மந்தமானதா? பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது; பெரும்பாலும் இரு காதுகளையும் பாதிக்கும். தம் குரல் எலும்பு வழியே தமக்கு உரக்கக் கேட்பதால், இவர்கள் தணிந்த குரலில் பேசுவார்கள். “வீட்டில் கேட்பதைவிடப் பேருந்து இரைச்சலில் நன்றாகக் கேட்கிறது” என்று ஒருவர் சொன்னால் அதை வேடிக்கையாக எண்ணிவிடக் கூடாது; அதுவும் இந்நோயின் அறிகுறிதான். முரசு ஒலிக்கும்போது மட்டுமே பிறர் பேச்சைக் கேட்க முடிந்த ஒரு பெண்மணியைப் பற்றி, 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் எழுதியிருக்கிறார்.

அடுத்தது, தட்டினால் ஒரே சீராக ஒலிக்கும் இரு கிளை உலோகக் கருவியான இசைக்கவையைக் கொண்டு செய்யும் சோதனை. ஒரு நிமிட வேலைதான். அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான். 512 ஹெர்ட்ஸ் கவையை முழங்கையில் தட்டி, அதன் அடியைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் அழுத்தி வைத்து, பிறகு கவையைக் காதுத் துளைக்கு எதிரே பிடித்து, எங்கே உரக்கக் கேட்டது என்று கேட்க வேண்டும். காது இயல்பாக இருந்தால், துளைக்கு எதிரே பிடித்ததுதான் உரக்கக் கேட்கும். இந்நோய் முற்றிய காதுக்கோ எலும்பில் வைத்ததே உரக்கக் கேட்கும். நெற்றி நடுவில் வைத்தால், ஒலி மந்தம் கூடுதலான காதின் பக்கம் சாயும். நரம்புக் கோளாறானால் நல்ல காதின் பக்கம் சாயும்.

கேட்கும் திறனைக் காட்டும் வரைபடமான ஆடியோகிராமில், காதுத் துளை வழியே கேட்பதைக் குறிக்கும் காற்றுவழிக் கோட்டுக்கும், எலும்பு அதிர்வால் கேட்பதைக் குறிக்கும் எலும்புவழிக் கோட்டுக்கும் இடைவெளி தெரியும். எலும்புவழிக் கோட்டில் 2000 ஹெர்ட்ஸில் விழும் பள்ளத்தைப் பார்த்து நரம்பு கெட்டுவிட்டதென்று முடிவுகட்டக் கூடாது. அங்கவடி இறுகியதன் விளைவு அது, வெற்றிகரமான அறுவை சிகிச்சைக்குப் பின் பெரும்பாலும் மறைந்துவிடும்.

கடைசியாக, உரத்த ஒலி கேட்டதும் அங்கவடித் தசை தானாகச் சுருங்கும் அனிச்சைச் செயலைச் சோதிப்பது கட்டாயம். நோய் முற்றியவரிடம் அது இராது. ஆடியோகிராமில் இடைவெளி தெரிந்தும் அனிச்சைச் செயல் முறையாக இருந்தால், உடல் சமநிலையை உணரும் உட்காதுக் குழாய்களில் ஒன்றான மேல் அரைவட்டக் குழாயை மூடிய எலும்பில் திறப்பு இருக்கக்கூடும். அந்நிலையில் சி.டி. ஸ்கேன் பார்க்காமல் அங்கவடியில் கத்தி வைக்கக் கூடாது.