நெஞ்சு வலிக்காரரை மலையிறக்கும்போது செய்யக் கூடாதவை

போன வாரம் ஜீப் ஓட்டும் பையன் ஒருவன் கேரள எல்லையில் இருக்கும் கம்பம்மெட்டிலிருந்து போன் செய்தான். வண்டியில் நெஞ்சு வலிக்காரர் இருக்கிறாராம். “மதுரைக்கு எந்த ரோடு காலியா இருக்கும்ணே?” என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. ஆம்புலன்ஸ் ஓட்ட வந்த புதிதில் நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்பவரை யாரும் தவறவிடுவதில்லை. அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

வலி இருந்தால்தான் அட்டாக் என்று நினைப்பது

கூடலூர், கம்பத்திலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறும் அக்காமார் வலி என்று சொல்ல மாட்டார்கள். “அசதியா இருக்குப்பா, மூச்சு வாங்குது” என்பார்கள். பெண்கள், வயதானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் ஆகியோருக்கு வலி லேசாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தாடை, முதுகு, தோள், மேல்வயிறு என்று எங்காவது இறுக்கிப் பிடிக்கும், குமட்டும். மலைக் குளிரில் ஒருவருக்குக் காரணமில்லாமல் வேர்த்து ஊற்றினால், சோடா வாங்கப் போகாதீர்கள். வண்டியை எடுங்கள்.

நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான். முதல் எரிச்சல் என் மேல்.

ஒரு மார்கழி இரவு, தோட்டத்துக் கங்காணி ஒருவரை ஏற்றினேன். ஐம்பது வயது தாண்டியவர். ஸ்வெட்டருக்குள் சட்டை பிழிகிற அளவு நனைந்திருந்தது. முழங்கையிலிருந்து வேர்வை சொட்டி சீட் உறையில் வட்டமாக ஊறியிருந்தது. மலையிறங்கி கம்பம் அரசு ஆஸ்பத்திரி பக்கம் திருப்பப் போனேன். அவர் மச்சான் விடவில்லை. “அங்க என்னண்ணே இருக்கு? எப்படியும் மதுரைக்குத்தான் எழுதிக் குடுப்பாங்க. நேரா விடுங்க.” விட்டேன். தேனி தாண்டி, க.விலக்கில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வாசலையும் தாண்டி, உசிலம்பட்டி வழியாக மதுரைக்கு. வேகமாக ஓட்டினேன் என்று எனக்கு அப்போது பெருமை வேறு.

மதுரையில் டாக்டர் கேட்டது ஒன்றுதான்: “வழியில எங்கேயும் ஈ.சி.ஜி. எடுக்கலையா?”

நடப்பது இதுதான். இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ரத்தம் கட்டி அடைத்துக்கொள்கிறது. அடைப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் தசை நிமிடத்துக்கு நிமிடம் சாகிறது. செத்த தசை திரும்ப முளைக்காது. கட்டியைக் கரைக்கும் ஊசி பெரிய நகரத்தில்தான் இருக்கும் என்பது நம் ஆட்களின் நினைப்பு. தாலுகா ஆஸ்பத்திரிகள் பலவற்றிலேயே அதைப் போடுகிறார்கள். அடைப்பு இன்ன வகை என்று ஈ.சி.ஜி.யில் தெரிந்தால் ஊசியைப் போட்டுவிட்டு, அப்புறம் ஆஞ்சியோவுக்கு, அதாவது குழாயில் அடைப்பு எங்கே என்று பார்க்க, அனுப்புவார்கள். ஊசி 12 மணி நேரம் வரை பயன்படும் என்றாலும், முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் போடுவதுதான் ஊசி. குழாய்க்குள் பலூன் விட்டு அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் இடம் பக்கத்திலேயே இருந்தால் அதுதான் மேல், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே சிகிச்சை தொடங்குமா என்பதை ஈ.சி.ஜி.யைப் பார்த்த டாக்டர் முடிவு செய்யட்டும். மச்சான் வேண்டாம், டிரைவரும் வேண்டாம்.

ஆரம்ப சுகாதார நிலையம்கூட வீண் நிறுத்தம் இல்லை. தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அட்டர்வாஸ்டாட்டின் சேர்ந்த 14 மாத்திரைகளை அங்கேயே கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள்.

கங்காணி பிழைத்துக்கொண்டார். ஆனால் அடுத்த காய் எடுப்புக்கு அவரால் மேடு ஏற முடியவில்லை. இப்போது கடைவாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்தால் டீ வாங்கித் தருகிறார். அதுதான் தாங்கவில்லை.

முதல் ஈ.சி.ஜி. நார்மல், வீட்டுக்குப் போகலாம்

அட்டாக்கின் தொடக்கத்தில் ஈ.சி.ஜி. நார்மலாகவே வரலாம். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கலக்கும் டிரோபோனின் என்ற புரதம் ஏறவும் சில மணி நேரம் ஆகும். திரும்ப எடுக்கும்வரை இருங்கள். வாயு ஊசி போட்டதும் வலி குறைந்தது என்பதற்காக யாரும் டிஸ்சார்ஜ் கேட்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் நாக்கடி மாத்திரை

நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை அது. பிரஷர் இறங்கியிருப்பவருக்குக் கொடுத்தால் இன்னும் இறக்கிவிடும். ஆஸ்பிரின் வேறு விஷயம்: ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவருக்கு 300 மில்லிகிராமை மென்று விழுங்கச் சொல்வார்கள். 108-லோ டாக்டரிடமோ போனில் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

இருமிக்கொண்டே இருந்தால் இதயம் ஓடும் என்ற வாட்ஸ்அப் செய்தி

பொய்.

பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோவது

வழியில் மயங்கினால் மூன்று பேரும் விழுவீர்கள்.

108-ல் மலையாளம் கேட்டதும் போனை வைத்துவிடுவது

எல்லையில் போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த மாநிலத்துக்குப் போய்விடும். அங்கேயும் 108 தான். போன வாரத்துப் பையன் இரண்டு தடவை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறான். வைக்காதீர்கள். முதலில் மாநிலத்தைச் சொல்லுங்கள், அப்புறம் ரோடு, அப்புறம் எத்தனையாவது கொண்டை ஊசி வளைவு.