ஏற்காட்டில் திறந்தவெளி நிகழ்ச்சியா? சவுண்ட் செட் எடுக்கும்முன்

சேலத்தில் செட் பேசும்போது "எத்தனை வாட்ஸ்" என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை பேர், பேச்சா பாட்டா என்று சொல்லி, என்னென்ன வரும் என்று எழுதி வாங்குங்கள். 300 பேர் கூடும் பாட்டுக் கச்சேரிக்கு 15 இஞ்ச் டாப் (கூட்டத்தை நோக்கிய முக்கிய ஸ்பீக்கர் பாக்ஸ்) இரண்டு, 18 இஞ்ச் பேஸ் (அடித்தொனிக்கான பாக்ஸ்) இரண்டு, மேடை மானிட்டர் (பாடுபவர்கள் தங்கள் ஒலியைக் கேட்க) இரண்டு போதும். வெறும் பேச்சென்றால் பேஸ் வேண்டாம், அந்தக் காசில் நல்ல மைக் கேளுங்கள்.

மலைமேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. ஜெனரேட்டர் முழுத் திறனைத் தராது. தேவைக்குமேல் கால் பங்கு கூட்டியே எடுங்கள். லைட்டுக்கும் சவுண்டுக்கும் தனித்தனி ஃபேஸ் (கரண்ட் லைன்) கொடுங்கள். ஸ்பீக்கர் உர்ரென்று இரைந்தால் எர்த் பின்னைப் பிடுங்கவே கூடாது, உயிருக்கு ஆபத்து. மிக்ஸர், ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் ஒரே கரண்ட் பாயின்ட்டில் இருந்து எடுத்தால் இரைச்சல் பெரும்பாலும் நின்றுவிடும்.

பாக்ஸ்களை மைக்குக்கு முன்னால், ஸ்டாண்டில், ஹார்ன் (பாக்ஸில் கீச்சொலி வரும் பகுதி) ஆட்களின் தலைக்குமேல் இருக்கும்படி வையுங்கள். மைக்குக்குப் பின்னால் வைத்தால் ஊளையிடும். பேச்சு மைக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழான அடித்தொனியை மிக்ஸரில் வெட்டிவிடுங்கள், காற்றிரைச்சல் அடங்கும். 20 மீட்டர் தள்ளி இன்னொரு ஜோடி பாக்ஸ் வைத்தால் அதற்கு 58 மில்லிசெகண்ட் டிலே (ஒலியைத் தாமதித்து விடுவது) கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்வரிசைக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும்.

சுவிட்ச் போடும்போது மிக்ஸர் முதலில், ஆம்ப்ளிஃபயர் கடைசியில், அணைக்கும்போது தலைகீழ். பனி இறங்குமுன் மிக்ஸருக்குத் தார்ப்பாய் தயாராக இருக்கட்டும். எழுத்து அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்; திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை.